பால்மர நிரைகளுக்கிடையே ஒரு குன்றுப் பாதை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மலையேற்றம் என்ற ஒரே சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. கோலாலம்பூரின் வடகிழக்கே, கிள்ளான் கேட்ஸ் அணையை ஒட்டி 14 கிலோமீட்டருக்கும் கூடுதலாக நீளும் குவார்ட்ஸ் முகட்டில் கையும் காலும் ஊன்றி ஏறுவது ஒரு வகை. பாறைப் பிளவுகளை நிரப்பி இறுகிய அந்தக் கனிமம், சுற்றியிருந்த மென்மையான பகுதி அரித்துப்போன பின் செங்குத்துச் சுவராக எஞ்சியிருப்பதால், புக்கிட் தாபூர் எனப்படும் அப்பகுதியில் தவறி விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. மற்றொரு வகை, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு தண்ணீர்ப் புட்டியோடு கிளம்பி, இரண்டு மணி நேரத்தில் ஏறி இறங்கி, பசியாற வீடு திரும்பிவிடக்கூடிய நகரோரக் குன்றுகளில் நடப்பது. முன்னதைப் பற்றிப் பேச்சு அதிகம். பின்னதே பெரும்பாலோர்க்குப் பயன்படுவது. அதற்குத் தக்க சான்று, பெட்டாலிங் ஜெயாவும் கோலாலம்பூரும் சந்திக்கும் எல்லையில் உள்ள காசிங் குன்று, மலாயில் புக்கிட் காசிங்.

உயரத்தில் 200 மீட்டரைக்கூட எட்டாத இக்குன்றின் பெட்டாலிங் ஜெயாப் பக்கம், ஏறத்தாழ 36 ஹெக்டேர், 1961இல் பசுமை நிலமாக அரசிதழில் பதிவு பெற்று, இன்று அந்நகரின் மாநகர் மன்றப் பராமரிப்பில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இது தொலைவான இடமன்று. கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா தட ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிலையம் தாமான் ஜெயா; அங்கிருந்து சிறிது தூரம் வாடகைக் காரில் சென்றால் ஆறாம் பிரிவில் ஜாலான் திங்கி 6/10இல் உள்ள நுழைவாயில் வந்துவிடும். கிள்ளானிலிருந்து வருவோர்க்குக் கூட்டரசு நெடுஞ்சாலையே வழி. உள்ளே ஒற்றையடிப் பாதைகள் பலவாகப் பிரிந்து, ஒரு தொங்குபாலத்தைக் கடந்து, மீண்டும் ஒன்றோடொன்று கூடுகின்றன. குன்றின் மேல் சிவன் கோவில் ஒன்றும் இருப்பதால், நடையை வழிபாட்டோடு சேர்த்துக்கொள்ளும் குடும்பங்களையும் இங்கே காணலாம். பத்துமலையின் 272 படிகளை நிற்காமல் ஏறிவிடக்கூடிய எவர்க்கும் இப்பாதை கடினமாக இராது.

இந்தக் காடு தொன்மையான கன்னிக்காடு அன்று என்பதே இதன் தனிச்சிறப்பு. வெட்டப்பட்டோ பயிரிடப்பட்டோ பின்னர் கைவிடப்பட்ட நிலத்தில் தானாக வளர்ந்தெழும் காட்டை, சூழலியலார் இரண்டாம்நிலைக் காடு என்பர். காசிங் குன்றில் அக்காட்டின் அடியில் கிடப்பது பழைய ரப்பர்த் தோட்டம். குன்றை ஒட்டிய பெட்டாலிங் ஜெயா நகரமும், 1952இல் தொடங்கி, எஃபிங்ஹாம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தின் மீது எழுப்பப்பட்டதே. நகரமாக மாறிய நிலத்தில் தோட்டத்தின் சுவடு சாலைக்கும் வீட்டுக்கும் அடியில் மறைந்துவிட்டது. குன்றில் மட்டும் அது மரமாகவே நிற்கிறது.

தோட்டத்து வழக்கில் பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தை இப்பாதையில் அடையாளம் காண அதிக நேரம் பிடிக்காது. ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் அவை சிவந்து உதிர்ந்து, சில வாரங்களில் தளிர்க்கும். மரத்தின் வயிற்றளவு உயரத்தில் பட்டையைத் தடவிப் பார்த்தால், இடப்புறம் மேலாகவும் வலப்புறம் கீழாகவும் சரிந்த பழைய வெட்டுத் தடம் விரலுக்குத் தட்டுப்படும். பால் குழாய்கள் பட்டைக்குள் நேர்செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் மிகுதியாக வழியும். வெட்டிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும். ஆனால் கத்தி ஆழமாகப் பாய்ந்து, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலான வளர்படலத்தைக் காயப்படுத்தியிருந்தால், அவ்விடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துவிடும். ஒரு மரத்தை வெட்டிய கை பழகிய கையா புதிய கையா என்பதை அந்தப் புடைப்புகளிலிருந்து இன்றும் ஊகிக்கலாம். வெயில் ஏறும் நாளில் மேலேயிருந்து 'பட்' என்று ஓசை கேட்டால், மூன்று விதைகள் கொண்ட காய் உலர்ந்து வெடிக்கிறது என்று பொருள். பழுப்புப் புள்ளிகள் கொண்ட அந்த விதையைத் தரையில் சூடு பறக்கத் தேய்த்து அடுத்தவர் கையில் வைத்து அலறவிட்ட தலைமுறை, கிள்ளான் வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது.

காட்டு மரங்கள் முளைத்து ஊடுருவியிருந்தாலும், பால்மரங்கள் சில இடங்களில் நேர்கோட்டில் நிற்பதைக் கூர்ந்து நோக்கினால் பழைய நிரை புலப்படும். நிரை என்பது ஒரு தொழிலாளி ஒரு நாளில் வெட்டி முடிக்க வேண்டிய மரவரிசை. விடியுமுன் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும் என்பதனாலேயே, தமிழ்த் தொழிலாளர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இத்தகைய நிரைகளை நடந்தனர். அவர்களுக்கு அந்நடை கூலிக்கானது. உடல்நலத்துக்கான நடை என்றொன்று தேவைப்படும் வாழ்க்கை அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கே வாய்த்தது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அவ்வீதம் மிக அதிகம். மாத்திரைக்கு மாற்றாக எவரும் குன்றைப் பரிந்துரைக்கமாட்டார். ஆனால் வாரம் இருமுறை குன்றேறுவது மருத்துவரும் மறுக்காத பழக்கம்.

இவ்வாறு பயன்படுத்தி விடப்பட்ட நிலம் காடாகத் திரும்புவதற்கு இன்னும் பெரிய சான்று கெப்போங்கில் இருக்கிறது. ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வெறிச்சோடிய நிலத்தில் 1920களின் இறுதியிலிருந்து நட்டு வளர்க்கப்பட்ட மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காட்டுப் பூங்கா, 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையே வானம் தெரியும் கோடுகளை விட்டு நிற்பதைக் காண வெளிநாட்டினரும் வருகின்றனர். அங்கே நட்டது மனிதக் கை. காசிங்கில் பெரும்பகுதி வேலையைப் பறவையும் காற்றும் செய்தன.

பாதை எளிதென்பதற்காகத் தட்பவெப்பம் எளிதாகிவிடாது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. எனவே மேட்டைவிடப் புழுக்கமே நடப்பவரைக் களைக்க வைக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையே உதிப்பதால், அந்நேரத்தில் தொடங்கி 9.30க்குள் இறங்குவது நல்லது. மாலை நடை விரும்புவோர் நினைவில் கொள்ள வேண்டியது இடி. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 180 நாள்களுக்கு மேல் இடி முழங்குகிறது, அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில் மிகுதி. மழைக்குப் பின் செம்மண் பாதை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். பெரும்பாலோர் விழுவது இறங்கும்போதுதான். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், மறுநாள் வரும் வலியும் ஏற்றத்தால் வருவதன்று. குறுகிய எட்டுகளாக, முழங்காலைச் சற்றே மடித்து இறங்குவதே வழி. குரங்குகளுக்கு ரொட்டி போடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யலாகாது. நெகிழிப் பையைக் கண்டாலே பறிக்கும் குரங்கை உருவாக்கியது அந்தக் கருணைதான்.

குன்றின் கோலாலம்பூர்ப் பக்கத்தின் கதை வேறு. அங்கே சரிவில் வீடமைப்புத் திட்டம் வந்தபோது குடியிருப்பாளர்கள் நீதிமன்றம்வரை சென்று எதிர்த்தனர். அவர்தம் அச்சம் கற்பனையன்று. 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் தொடர்மழைக்குப் பின் சரிந்த மண், ஹைலண்ட் டவர்ஸ் என்ற 12 மாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடத்தைச் சாய்த்து 48 உயிர்களைப் பறித்தது. மரவேர்கள் மேல்மண்ணைப் பிணைக்கின்றன. இலைத்தொகுதி மழையின் வேகத்தைத் தணிக்கிறது. இரண்டையும் அகற்றிய சரிவில் நீர் போகும் வழி தவறினால் தடுப்புச் சுவரும் தாங்காது. ஆகவே நகரோரக் குன்று என்பது நடப்பவர்க்கு மட்டும் உரிய இன்பமன்று, அடிவாரத்தில் குடியிருப்பவர்க்கும் அது பாதுகாப்பு. மாநகர் மன்றங்கள் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலத்தில் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் குடியிருப்பாளர்க்கு அளித்திருக்கிறது. வாரந்தோறும் இக்குன்றில் நடப்போர், அத்தகைய அறிவிப்பு வரும்போது வரைபடத்தில் குன்று எந்த நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தம் கருத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.