வெண்ணெய்த்தாழி லைவ் ரெக்கார்டிங்: லேப்டாப் எங்கே திணறுது?

பங்குனி வந்தா மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில்ல 18 நாள் திருவிழா. வெண்ணெய்த்தாழி அன்னைக்கு யாராவது எச்டியில லைவ் ஓட்டுறாங்கன்னா, "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, சிங்கப்பூர்ல இருக்கிற சித்தப்பாவுக்கு ரெக்கார்ட் பண்ணி வை"ன்னு வேலை நம்ம தலையில வந்து விழும். லைவ்ல ஒரு ஃப்ரேம் போனா போனதுதான், ரீடேக் கிடையாது. படம் விட்டு விட்டு வந்தா உடனே பழி ராம் மேல: "8 ஜிபி பத்தல மச்சி!" பெரும்பாலும் ராமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது.

கணக்கைப் பாருங்க. முழு எச்டி படம் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 25 படம்னு வெச்சா நொடிக்கு சுமார் 104 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 370 ஜிபிக்கு மேல! இது சுருக்காத படம். இதே சேனல் சாட்டிலைட்ல வரும்போது சுருக்கப்பட்டு, நொடிக்கு 8 மெகாபிட் அளவுல வருதுன்னு வைங்க. அது நொடிக்கு வெறும் 1 எம்பி. மணிக்கு 3.6 ஜிபி. ஒரு சாதாரண பென்டிரைவே இதைத் தாங்கும்.

ஆக, கம்ப்யூட்டருக்கு எவ்வளவு சுமைங்கிறது படத்தை எந்த இடத்துல பிடிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது. ட்யூனர் கார்டு வழியா சுருக்கின ஸ்ட்ரீமை அப்படியே ஃபைலா எழுதினா சிபியு தூங்கிக்கிட்டே வேலை செய்யும். அமெரிக்காவுல ஒரு டிஜிட்டல் டிவி சேனல் ஸ்ட்ரீம் நொடிக்கு 19.39 மெகாபிட்தான். 2000-களின் தொடக்கத்துல இருந்த கம்ப்யூட்டர்கள்கூட அதைப் பதிவு பண்ணிடும். பதிவு பண்ணினதைத் திரும்ப ஓட்டும்போதுதான் மூச்சு வாங்கும்.

நாம பிடிக்கிறது எச்டிஎம்ஐ வாசல்ல. செட்டாப் பாக்ஸ் ஸ்ட்ரீமை விரிச்சுக் கொடுத்த பிறகு. அங்கேதான் சிக்கல். (கட்டணச் சேனல்ல ஸ்க்ரீன் கருப்பா வந்தா அது எச்டிசிபி பூட்டு. உங்க லேப்டாப்பைத் திட்டாதீங்க. லைவ் நடத்துற கேமரா டீமைக் கேட்டு, அவங்க அனுமதியோட மிக்ஸர்ல இருந்தே அவுட்புட் வாங்குறதுதான் நல்லது.)

யுஎஸ்பி 2.0-ல நொடிக்கு 480 மெகாபிட்னு போட்டிருக்கும். அது 60 எம்பி. நடைமுறையில 35-40 எம்பி வந்தாலே பெரிசு. 104 எப்படி நுழையும்? மேட்டூர்ல எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தாலும், நம்ம வயலுக்கு வர்றது மதகு அகலம் எவ்வளவோ அவ்வளவுதான். அதனால விலை குறைஞ்ச கேப்சர் ஸ்டிக் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் மாதிரி சுருக்கி அனுப்பும். லேப்டாப் அதை விரிக்கணும், மறுபடி எச்.264-ஆ சுருக்கணும், அதுவும் லைவா. நீலக் கலர் பிளக்கைப் பார்த்து யுஎஸ்பி 3.0-ன்னு நம்பிடாதீங்க, உள்ளே 2.0 இருக்கிற ஸ்டிக்கும் கடையில கிடைக்குது.

மறுபடி சுருக்குறதுதான் பெரிய சுமை. முந்தின படத்துல இருந்து எது எங்கே நகர்ந்ததுன்னு என்கோடர் தேடும். செய்தி வாசிக்கிறவர்னா வாயும் கண்ணும் மட்டும்தான் அசையும், வேலை ஈஸி. வெண்ணெய்த்தாழியில ஆயிரக்கணக்கான தலைகள், நாலாபக்கமும் பறக்கிற வெண்ணெய். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில! முதல் நாள் ராத்திரி நியூஸ் சேனலை வெச்சு டெஸ்ட் பண்ணி "பாஸ்"னு சொன்ன செட்டிங், சரியா முக்கியமான நேரத்துல காலை வாரும்.

இதுக்கு வழி சிபியுவை விட்டுட்டு, சிப்புக்குள்ளேயே இருக்கிற வீடியோ என்கோடரைப் பயன்படுத்துறது. இன்டெல்ல 2011-ல இருந்து க்விக் சிங்க், என்விடியாவுல 2012-ல இருந்து என்வெங்க். கூட்டம் அதிகமானாலும் வேகம் அவ்வளவா குறையாது, அதுக்குப் பதிலா படத் தரம்தான் குறையும். அதைச் சரிக்கட்ட பிட்ரேட்டை 20 மெகாபிட்டுக்கு ஏத்துங்க. மணிக்கு 9 ஜிபிதான் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க்கே போதும், புது எஸ்எஸ்டி வாங்க வேண்டாம். ஆனா டிரைவ் எஃப்ஏடி32-ல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, அதை மட்டும் முன்னாடியே பார்த்துடுங்க.

அடுத்தது சூடு. பங்குனி வெயில்ல, ஃபேன் இல்லாத ரூம்ல, மெத்தை மேல லேப்டாப்பை வெச்சா சிபியு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல எல்லா லேப்டாப்பும் ஜெயிக்கும். மதிய நேரத்துல, கூட்டம் நிறைஞ்ச ஒரு கிரிக்கெட் மேட்ச் வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க.

அப்பவும் ஃப்ரேம் போனா ஓபிஎஸ்ல ஸ்டாட்ஸ் விண்டோவைத் திறங்க. என்கோடிங் லேக் ஏறினா என்கோடர் திணறுது, ரெண்டரிங் லேக் ஏறினா ஜிபியு. ரெண்டுமே பூஜ்யமா இருந்தும் படம் குதிச்சா ஸ்டிக்கையோ கேபிளையோ ஹப்பையோ சந்தேகப்படுங்க. ஹப்பை எடுத்துட்டு நேரா லேப்டாப் போர்ட்ல சொருகினாலே சில நேரம் சரியாகிடும்.

ஃபைலை எம்பி4-ஆ எழுதாம எம்கேவி-ஆ எழுதுங்க. நடுவுல லேப்டாப் அணைஞ்சா எம்பி4 மொத்தமும் திறக்காமப் போகலாம், எம்கேவி-ல அதுவரைக்கும் எழுதினது மிஞ்சும். அப்புறம், லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, செட்டாப் பாக்ஸுக்கு இல்ல. அதை இன்வர்ட்டர் லைன்ல சொருகிடுங்க.