காய்ச்சினாலும் போகாத நஞ்சு

“நல்லாப் பொங்கவிட்டு இறக்குனா எந்தப் பாலும் ஒண்ணும் செய்யாது” என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரிதான். பதனிடும் ஆலையில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடிதான் வைக்கிறார்கள். அடுப்பில் பொங்கும் பாலுக்குச் சூடு அதைவிட அதிகம். ஆனால், பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் வரும் ‘அஃப்ளாடாக்சின் எம்1’ என்ற நஞ்சு எவ்வளவு காய்ச்சினாலும் அழியாது. நாள்பட உடலில் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படம் என்று சிக்கியவை 12. இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தவை 368; அவற்றில் 88 தமிழ்நாட்டில் எடுத்தவை. யூரியாவுக்கும் சோப்புத்தூளுக்கும் பயந்துகொண்டிருக்கும் நாம் இதைக் கவனிக்கவே இல்லை.

நம் நெல்லைப் பக்கத்தையே பாருங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் அறுப்பு முடியும் கையோடு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் சரியாகக் காயாத வைக்கோலைப் படப்பு போட்டுவிட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பூக்கும். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரம் பட்டால் இன்னும் மோசம்.

பாலைச் சோதித்து இதைப் பிடித்துவிடலாமே என்றால், அதுவும் எளிதல்ல. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பால் மாதிரி எடுத்தால் அதை நான்காகப் பிரித்து முத்திரை வைப்பார். கெடாதிருக்க 25 மில்லிக்கு இரண்டு சொட்டு ஃபார்மலின் விடுவார். வியாபாரி விட்டால் குற்றமாகும் அதே திரவம்தான்! அதனாலேயே அந்த மாதிரியில் கிருமிச் சோதனை செய்ய முடியாது. அதற்குத் தனி மாதிரி எடுத்துக் குளிரில் கொண்டுபோக வேண்டும். பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருப்பது நமக்கு வசதி. இருந்தாலும் அறிக்கைக்குச் சட்டம் தரும் கெடு 14 நாள். அதற்குள் அந்தப் பாலைக் குடித்து முடித்திருப்போம்.

பால்காரர் கேனில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பதிலும் பெரிய பயனில்லை. அது அடர்த்தியை மட்டும் காட்டும். கொழுப்பை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் சேர்த்தால் அதையே ஏமாற்றிவிடலாம். நஞ்சு அதற்குத் தெரியவே தெரியாது.

ஆக, பிடிக்க வேண்டியது தீவனத்தை. ஆனால் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்பதிலிருந்து கால்நடைத் தீவனத்தை விலக்கிவைத்திருக்கிறது. பாலில் கைவைக்கும் அலுவலரின் அதிகாரம் படப்பு வரை போவதில்லை. அந்த இடைவெளியைக் கால்நடைப் பராமரிப்புத் துறையும் பால் கூட்டுறவுச் சங்கங்களும்தான் நிரப்ப வேண்டும். மழைக்காலத்தில் சங்கத்துக்கு வரும் பாலைச் சோதித்து, நஞ்சு தெரிந்தால் எந்த ஊர்த் தீவனம் என்று தேடிப்போக வேண்டும். மாட்டுக்காரருக்கு அபராதம் போட்டுப் பயனில்லை. தீவனத்தைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கவும், பூசணம் கண்டதை ஒதுக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பாலில் நஞ்சு குறைந்துவிடுகிறது.