சரிண்ணே என்ற ஒரு சொல்

பழவேற்காட்டில் வலைக்கும் படகு இன்ஜினுக்கும் முன்பணம் கொடுப்பவர் பெரும்பாலும் வியாபாரிதான். "ஐம்பதாயிரம் வச்சுக்கோ. ஏரியில பிடிக்கிற இறால் எல்லாம் எனக்கே போடணும்" என்கிறார் அவர். படகுக்காரர் "சரிண்ணே" என்கிறார். பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. இது ஒப்பந்தமா?

ஒப்பந்தம்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஒருவர் முன்மொழிய, மற்றவர் மனமுவந்து இசைய, இருபக்கமும் மறுபயன் (கொடுப்பதற்கு ஈடாகக் கிடைப்பது) இருக்க, நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டிருந்தால் போதும். இருவரும் 18 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். அப்பாவின் படகை ஓட்டும் 17 வயதுப் பையன் தலையாட்டினால் அது செல்லாது. 1903-லேயே மோகோரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் இதைச் சொல்லிவிட்டது.

இன்னும் தண்ணீரில் இருக்கும் இறாலை எப்படி விற்பது என்ற கேள்வி எழும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் அதை 'எதிர்காலச் சரக்கு' என்கிறது. கைக்கு வருமா வராதா என்று தெரியாத பொருளுக்கும் ஒப்பந்தம் போடலாம். விலை பேசாமல் விட்டாலும் பாதகமில்லை. நியாயமான விலையைக் கொடுத்தாக வேண்டும். கரை விலையைவிடக் குறைத்து எடுக்கும் வியாபாரிகள் இந்த விதியைச் சொல்லிக்காட்டுவதில்லை!

சிக்கல் இசைவில்தான். கடன் கழுத்தை நெரிக்கும்போது சொல்லும் 'சரி' மனமுவந்து சொன்னதாகுமா? மற்றவரின் முடிவை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர் அதைப் பயன்படுத்தி அநியாயமான ஆதாயம் அடைந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு குறுக்கே வரும். பேரம் பார்த்தாலே அநியாயமாகத் தெரிந்தால், தான் அழுத்தம் தரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வியாபாரியின் தலையில் விழும். ஒப்பந்தத்தை ரத்துசெய்யும்படி படகுக்காரர் கேட்கலாம். ஆனால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் நிபந்தனை போடலாம், முன்பணம் இனாமாகிவிடாது.

இங்கே யார், எப்போது, ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்று குப்பங்கள் முறைவைத்துக்கொள்ளும் 'பாடு' வேறு சங்கதி. அது இருவருக்கு இடையிலான பேரமல்ல, ஊர் வழக்கம். வியாபாரியுடனான பேரத்துக்குத் திரும்பினால், பணத் தகராறில் "கோர்ட்டுக்கே போக மாட்டேன்" என்று யாரேனும் எழுதிக் கொடுத்தால், அது 28-ஆம் பிரிவின்படி செல்லாது.

கடனைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட வியாபாரிக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். அது முடிவதற்குள் கொஞ்சம் கட்டி, கட்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும்.