மலைத் தீபமும் வேதியியல் பாடமும்

திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகா தீபம் 11 நாள் எரிகிறது. அதற்குச் செலவாகும் நெய் ஏறத்தாழ 3,500 கிலோ. சென்ற ஆண்டு தீபம் நிறைவுற்ற மறுநாள், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் பேத்தியிடம், "அத்தனை நெய்யும் எங்கே போயிற்று?" என்று கேட்டேன். "எரிந்து தீர்ந்துவிட்டது, தாத்தா" என்றாள். நிறை மாறா விதியைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்றவள் அவள்!

குறை அவளுடையதன்று. வேதியியலை அணுவிலிருந்து தொடங்கி, குறியீடு, இணைதிறன், சமன்பாடு என்று நடத்திச் செல்கிறோம். கண்ணுக்குத் தெரியாதது முதலில். கண்ணெதிரே எரிவது கடைசியில், அதுவும் நேரமிருந்தால். பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் பலர் அறிவியலை விட்டு விலகுகிறார்கள். அவர்களுக்கு வேதியியல் என்பது மனப்பாடச் சுமையாகவே நின்றுவிடுகிறது. பொருளியல் பக்கம் ஒதுங்கிய நானும் அவ்வாறு விலகியவனே.

மைக்கேல் ஃபாரடே 1860-61இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற உரைகள் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவை. நமக்கு மெழுகுவத்தி எதற்கு? அகல் விளக்கு இருக்கிறது. உறைந்த நெய்யில் தீக்குச்சியைக் காட்டினால் எளிதில் பற்றாது. நெய் உருகி, திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியே ஏறி, ஆவியான பிறகே எரிகிறது. சுடரின் மஞ்சள் ஒளி, முழுதும் எரியாத கார்பன் துகள்கள் வெப்பத்தில் ஒளிர்வதால் வருவது. சுடருக்கு நேர்மேலே கரண்டியைப் பிடித்தால் அத்துகள்கள் கரியாகப் படியும். ஆருத்ரா தரிசனத்துக்குப் பின் பக்தர்களுக்கு வழங்கப்படும் தீப மையிலும் அந்தக் கார்பனே இருக்கிறது. குளிர்ந்த கண்ணாடிக் குவளையைச் சற்று உயரத்தில் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனிபோல் நீர் படரும். நெய்யிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கிய நீர் அது. தட்டில் வைத்த கற்பூரமோ உருகாமலே கரைந்து காற்றில் கலக்கிறது. பதங்கமாதல் என்ற சொல்லை அதன் பிறகு சொன்னால் போதும்.

தமிழில் இதைச் சொல்ல முடியுமா என்ற ஐயம் பழையது, விடையும் பழையதுதான். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் 1875இலேயே 'கெமிஸ்தம்' என்ற தமிழ் நூலை வெளியிட்டார். ராஜாஜி 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டவர். பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். தலைப்பிலேயே அவருடைய கற்பித்தல் முறை அடங்கியிருக்கிறது. கலைச்சொல்லுக்கு நமக்குப் பஞ்சமில்லை. திண்ணையைத்தான் இடித்துவிட்டோம்.

வேதிச் சமன்பாடும் ஒருவகை ஐந்தொகைதான்; இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். பேத்தியும் நானும் கணக்கிட்டோம். ஒரு கிலோ நெய் முழுமையாக எரிய ஏறத்தாழ மூன்று கிலோ ஆக்சிஜன் தேவை. கிடைப்பவை கார்பன் டை ஆக்சைடும் நீராவியும். இரண்டும் சேர்த்து நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 3,500 கிலோ நெய் 13 டன்னுக்கும் மேலாகக் காற்றில் கலந்திருக்க வேண்டும். தீர்ந்துபோவதாவது! நெய் தன் எடையைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்காகி மலையை விட்டுப் போயிருக்கிறது.

அவள் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா, மையாகப் படிந்த கார்பன் முழுசா எரியலையே, அதைக் கழிக்க வேண்டாமா?" என்றாள்.