கட்டிப் போட்டால் கெட்டுவிடும் சிப்பிப்பாறை நாய்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரால் வழங்கப்படும் நாட்டு நாய் இனம், தென் மாவட்டக் கரிசல் பகுதி விவசாயிகளுக்கு நன்கு அறிமுகமானதே. மெலிந்த உடல், நீண்ட கால்கள், கூர்மையான முகம், ஒட்டிய வயிறு ஆகியவை இதன் அடையாளங்கள். தோட்டக் காவலுக்கென இதை வாங்குவோர் பலர். ஆனால் இயல்பை அறியாமல் வளர்த்து, ஆடு கோழியைக் கடித்துவிட்டது என்று விரட்டி விடுவோரும் உண்டு. குறை நாயிடம் இல்லை; வளர்ப்பு முறையில்தான் உள்ளது.

இயல்பு

இது மோப்பத்தை விடப் பார்வையை நம்பித் துரத்தும் இனம். தூரத்தில் ஏதேனும் ஓடுவது தெரிந்தால் உடனே பாய்ந்துவிடும். முழு வேகத்தில், ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். ஓட்டம் பிடித்த பின் எசமானின் குரல் காதில் ஏறாது. ஆகவே வாகனம் செல்லும் சாலையோரத்தில் அவிழ்த்து விடக்கூடாது.

வீட்டாரிடம், குறிப்பாக ஒருவரிடம், மிகுந்த பாசம் காட்டும். அந்நியரிடம் விலகியே நிற்கும். அடித்துத் திருத்த முயன்றால் மிரண்டு போகும்; சொல்லுக்குப் பணியாது. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டினால் சிடுசிடுப்பும் கடிக்கும் பழக்கமும் வரும். காலை மாலை அரை மணி நேரமாவது வேலியிட்ட இடத்தில் ஓடவிட வேண்டும். கோடையில் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். தலை குறுகலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்று விடும். அகலமான பட்டையே ஏற்றது.

குட்டிப் பருவம்

இரண்டு மாதம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. வாங்கிய நாள் முதலே, கயிற்றில் பிடித்தபடி ஆடு, கோழி, கன்றுகளின் நடுவே தினமும் சிறிது நேரம் பழக்க வேண்டும். துரத்தாமல் இருக்கும்போது சிறிது தின்பண்டம் கொடுத்துத் தட்டிக் கொடுக்கலாம். வளர்ந்த பின் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்துவது கடினம். பழகிய நாயையும் ஆட்டுக் குட்டிகளுடன் தனியே விடாதிருப்பது நலம்.

முன்னாளில் இது முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். நாயை ஏவி வேட்டையாடினாலும் தண்டனை உண்டு.

உணவு

கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவது இவ்வினத்துக்கு இயல்பே. நாய் இளைத்துவிட்டது என்று எண்ணி அதிகம் ஊட்டினால் எடை கூடி, மூட்டுகள் பழுதாகும். கேழ்வரகு அல்லது கம்பு உணவுடன் முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்து, வளர்ந்த நாய்க்கு இருவேளை கொடுக்கலாம். வெறும் கூழும் சோறும் போதாது. வேகவைத்த எலும்பு, வெங்காயம் ஆகியவை ஆகா. தின்றவுடன் ஓடவிட்டால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

உடலில் கொழுப்பு குறைவு, ரோமமும் குட்டை. எனவே மழை, பனிக் காலங்களில் சாக்கு விரித்த மேடான இடம் தேவை. வெறுந்தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு ஏற்படும்.

நோய்த் தடுப்பு

குட்டிக்கு இரண்டு வார வயது முதல் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். பின்னர் மருத்துவர் கூறும் கால அளவில் தவறாமல் போட வேண்டும். உண்ணிகளால் இரத்தத்தைப் பாதிக்கும் காய்ச்சல் பரவும் என்பதால் காது மடல், கால் விரலிடுக்குகளை அடிக்கடி பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், நாய் இன்ன இனம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இத்தகைய மெலிந்த ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை.

எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஓடவிட இடமும், தினமும் அதனுடன் செலவிட நேரமும் உள்ளவர்களுக்குச் சிப்பிப்பாறை நல்ல துணை. அவை இல்லாதவர்கள் வாங்காமல் இருப்பதே நாய்க்கும் ஆட்டுக்கும் நல்லது.