நல்ல தண்ணி எப்போ வருங்க?

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் பட்டுவாடா நேரம். பனியன் கம்பெனி வாசலில் கூட்டம், பேக்கரியில் கூட்டம், மளிகைக் கடையில் கூட்டம். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. லைன் வீட்டுக் காம்பவுண்டு ஒன்றின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்!

வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பேர் போட்டு எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற டீச்சர், முன்பு செக்கிங் வேலை பார்த்த ஓர் அக்கா, ஒடிசாவிலிருந்து சின்ன வயதில் வந்து இங்கேயே பிளஸ் டூ முடித்த ஒரு பெண், காம்பவுண்டுக்குச் சொந்தக்கார ஆத்தா. மொத்த அமைப்பும் இந்த நாலு பேர்தான். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் மூட்டைமுடிச்சோடு வந்திறங்கும் குடும்பங்கள் இந்தத் தெருவில் பழகி வாழ என்னென்ன தேவையோ, அத்தனையும் இங்கே தயாராகிறது.

பாயில் பரப்பிக் கிடப்பவை பனியன் அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த பாட அட்டைகள். ஒரு பக்கம் தமிழில். மறுபக்கம் அதே தமிழ், இந்தி எழுத்திலும் ஒடியா எழுத்திலும். முதல் பாடம் வணக்கமாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். "நல்ல தண்ணி எப்போ வருங்க?" கைதட்டியே விட்டேன்! இந்த ஊரில் உப்புத் தண்ணிக்குப் பஞ்சமில்லை. நல்ல தண்ணி வரும் நாளும் நேரமும் வாய்வழியாகத்தான் தெருவில் பரவும். கேட்கத் தெரியாத வீட்டில் குடம் நிறையாது. அடுத்தடுத்து: "புள்ளைக்குக் காய்ச்சலுங்க." "ரசீது குடுங்க." "ஓவர்டைம் கணக்குல வரலீங்க." கடைசி அட்டை செக்கிங் அக்காவின் கைவண்ணம். "இதைச் சத்தமாச் சொல்லிப் பழகோணும், முனகக் கூடாது" என்று பக்கத்தில் நின்ற பையனிடம் நாலு தடவை சொல்ல வைத்தார். நாலாவது தடவை ஜன்னல் அதிர்ந்தது.

மூலையில் இருக்கும் மேசைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிளாஸ்டிக் கவர் ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒரு தாய். ஆதார் இருக்கிறது, தடுப்பூசி அட்டை இருக்கிறது, மகளின் டிசி (மாற்றுச் சான்றிதழ்) மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. "தீதி, டிசி நஹீ" என்று கண் கலங்குகிறார். டீச்சர் மேசை டிராயரைத் திறக்கிறார். லேமினேட் செய்த ஒரு தாள். 2009 கல்வி உரிமைச் சட்டம் தமிழில்: ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டிசி வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. "இதைக் காட்டு சாமி, நானும் கூட வர்றேன்." அந்த ஒடிசாப் பெண் வரி வரியாக ஒடியாவில் சொல்லச் சொல்ல, அந்தத் தாயின் தோள் தளர்வதைப் பார்த்தேன்.

மகளுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு தருவார்கள், திங்கட்கிழமை உப்புமா, புதன்கிழமை பொங்கல் என்று முன்கூட்டியே சொல்லி, ருசி பார்க்கவும் வைக்கிறார்கள். எட்டரை ஷிப்டுக்கு ஓடும் அம்மாக்களுக்கு 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த அந்தத் திட்டம் எவ்வளவு பெரிய நிம்மதி!

ரேஷன் விஷயத்தில் இன்னும் துள்ளல். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. கார்டு பீகாருடையதாக இருந்தாலும் இங்கே கைரேகை வைத்துத் தங்கள் பங்கில் ஒரு பகுதியை வாங்கலாம், மீதியை ஊரிலிருக்கும் பாட்டி வாங்கிக்கொள்ளலாம். வருஷக்கணக்காக இது தெரியாமல் கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கியவர்கள் உண்டு. இப்போது முதல் தடவை கடைக்குப் போகும்போது அக்கா கூடவே வரிசையில் நிற்கிறார்.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது? 2023 மார்ச். வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, திருப்பூர் ஸ்டேஷனில் கூட்டம் அலைமோதிய நாட்கள். ஆத்தா தன் காம்பவுண்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "பயப்படாதீங்க கண்ணு" என்று சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை. மறுநாளே டீச்சர் வீட்டுக்குப் போய், "எனக்கு அவிங்க பேச்சு கத்துக் குடுங்க" என்றார்.

அதனால்தான் அறையில் இரண்டாவது அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. அது வீட்டுக்காரர்களுக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும்! இந்தியும் ஒடியாவும் தமிழ் எழுத்தில். என்னைக் கேட்டால் இந்த அமைப்பின் முழு சாமர்த்தியமும் இந்தப் பெட்டியில்தான். வந்தவர்கள் மட்டும் படித்தால் அவர்களுக்கு வேலை முடியும். தெருவும் சேர்ந்து படித்தால்தான் அவர்களுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று கிடைக்கும். ஆத்தா மாடிப்படியில் நின்று, "பானி! பாஞ்ச் பஜே! குடத்தை வச்சிருங்க!" (தண்ணி, அஞ்சு மணிக்கு!) என்று குரல் கொடுக்க, கீழே நாலு வீட்டிலிருந்து "சரீங்க ஆத்தா!" என்று பதில் வருகிறது. அதைக் கேட்கத் திரும்பவும் ஒருமுறை கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

அட்டை எழுத ஆள் இருக்கிறது, வரிசையில் நிற்க ஆள் இருக்கிறது. பாரம் நிரப்பத்தான் பற்றவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மேசைக்கு எதிரில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்: வங்கிக் கணக்குப் பாரம் முழுக்க என் பொறுப்பு!