தூணைச் சுற்றிய நரம்பு

அமெரிக்காவின் புளோரிடாவில், டாம்பா விரிகுடாவில் கயாக்கில் போய் மீன்பிடிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலுக்குள் நீளும் மீன்பிடி மேடையின் மேலே நின்று இதே ராடு, இதே ரீல், இதே நரம்பை வைத்துப் பெரிய ஸ்னூக் மீன்களைத் தூக்கியிருக்கிறேன். அதே மேடைக்குப் பக்கத்தில் கயாக்கில் உட்கார்ந்து போட்டால், மாட்டுகிற மீன் தூண்களுக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. இன்னும் வலுவான நரம்பு வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"

வேண்டாம். கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் 'எஃகைவிட 15 மடங்கு வலுவான' இழையில் செய்த பின்னல் நரம்பாக இருக்கும். எடைக்கு எடை வைத்துச் சொல்லும் கணக்கு அது. எஃகின் அடர்த்தி அந்தப் பாலிஎத்திலீன் இழையைப்போல் எட்டு மடங்கு. ஆகவே ஒரே தடிமனில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், விளம்பரத்தின் 15 ஏறக்குறைய 2 ஆகச் சுருங்கிவிடும். அந்த 2 மடங்கும் நேராக இழுக்கும்போதுதான். மேடைத் தூண்களில் ஆளிச் சிப்பிகளும், ஓடு மூடிய பார்னக்கிள்களும் அப்பிக் கிடக்கின்றன. அவற்றின் விளிம்பில் உரசினால் மெல்லிய பின்னல் நரம்பு தடித்த நைலானுக்கு முன்பே அறும்.

ஸ்னூக் நம் கொடுவாவுக்குத் தூரத்து உறவு. தூணின் நிழலில், நீரோட்டம் தணியும் பக்கமாக ஒதுங்கி நின்று, அடித்து வரப்படும் இரையைப் பாய்ந்து பிடிக்கும். முள் குத்தியதும் தன் இடத்துக்கே திரும்பி ஓடும். மேடையில் நிற்பவரிடமும் அப்படித்தான் ஓடும். அவர் காலூன்றி நிற்கிறார், நீங்கள் மிதக்கிறீர்கள். வித்தியாசம் அங்கே தொடங்குகிறது.

கூடத்து ஊஞ்சலில் கால் தரையில் படாமல் உட்கார்ந்துகொண்டு, கையில் ஒரு கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கன்று வாசலுக்கு ஓடுகிறது. நீங்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு வேகமாக ஊஞ்சல் கன்றை நோக்கிப் போகும். ஊஞ்சலாவது சங்கிலி இழுக்கும் இடத்தில் நின்று திரும்பி வரும். கயாக்குக்கு அந்தச் சங்கிலியும் இல்லை. ஆளும் சாமானும் சேர்த்து 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இழுப்பு 3 கிலோவைத் தாண்டினால் நரம்பை விடும்படி ரீலின் பிரேக்கைத் திருகியிருக்கிறீர்கள். அந்த 3 கிலோ இழுப்பு மட்டுமே கயாக்கை 4 விநாடியில் 2 மீட்டரும், 6 விநாடியில் நாலரை மீட்டரும் நகர்த்தும். நீரின் தடை இதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நீங்கள் நம்பும் அளவுக்கு அல்ல. ராடு முன்பக்கம் நீண்டிருப்பதால் இழுப்பு கயாக்கின் மூக்கையும் மீன் பக்கம் திருப்பிவிடுகிறது. மூக்கு முன்னால் போகும்போதுதான் கயாக்குக்கு நீரின் தடை மிகக் குறைவு. மீனை வெளியே இழுப்பதாக நினைத்துக்கொண்டு நீங்களே தூண்களுக்குள் போகிறீர்கள்.

இதற்குள் கன்று கூடத்துத் தூணை ஒரு சுற்று சுற்றிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் இருக்கிறது. தூணைச் சுற்றிய கயிற்றில் இரு பக்கமும் ஒரே இழுவிசை இருக்காது. ஓடும் பக்கத்தின் விசை பிடித்திருக்கும் பக்கத்தைவிடக் கூடுதல். எத்தனை மடங்கு என்பதை உராய்வும் சுற்றிய கோணமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. தூண் எவ்வளவு பருமன் என்பது கணக்கிலேயே வராது! கையளவுக் கம்பமும் கட்டிப்பிடிக்க முடியாத கான்கிரீட் தூணும் இந்தச் சமன்பாட்டுக்கு ஒன்றுதான். கோணம் கூடக்கூட விசை கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றுக்கு இரண்டரை மடங்கு, முழுச் சுற்றுக்கு ஆறரை மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. ஒரே தூணை முழுதாகச் சுற்ற வேண்டும் என்பதும் இல்லை. இந்தத் தூணில் கால் சுற்று, அடுத்த தூணில் அரைச் சுற்று என்று மீன் வளைந்து வளைந்து ஓடினாலும் அந்த விளைவுகள் ஒன்றோடொன்று பெருகும்.

இனி உங்கள் ரீலைப் பாருங்கள். பிரேக் 3 கிலோ, நரம்பு தாங்குவது 9 கிலோ. மூன்று மடங்கு பாதுகாப்பு என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். முழுச் சுற்று விழுந்துவிட்டால், ரீலில் 3 கிலோ உறைப்பதற்குத் தூணுக்கு அந்தப் பக்கம் 20 கிலோ வரை ஏற வேண்டும். 9 கிலோவிலேயே நரம்பு அறுந்துவிடும். உங்கள் கைக்கு அப்போது வந்து சேர்ந்திருப்பது ஒன்றரைக் கிலோகூட இல்லை. ரீல் சுழலவே இல்லை, சத்தமும் இல்லை, திடீரென்று நரம்பு தொய்ந்தது என்று மீனைப் பறிகொடுத்தவர்கள் சொல்வது சரியான அவதானிப்பு. அவர்களுடைய பிரேக் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

வரலாறு வேண்டுமென்றால்: இந்தச் சமன்பாட்டை 18ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லரும், அவருக்குப் பின் ஜெர்மன் பொறியாளர் ஐடெல்வைனும் எழுதி வைத்தார்கள். கப்பலைக் கம்பத்தில் கட்டிய மாலுமிகளுக்கு அது அதற்கு முன்பே கைப்பழக்கம். மிதந்தபடி இழுபடும் சிக்கலும் பழையதுதான். கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் வேட்டைக்காரர்கள், சீலைக் குத்தும் ஈட்டியின் கயிற்றைக் காற்றடைத்த தோல் மிதவையில் கட்டி நீரில் எறிந்தார்கள். சீல் மிதவையை இழுத்துக் களைத்தது, கயாக் தப்பியது.

தீர்வும் அதே சமன்பாட்டில் இருக்கிறது. அது பெருக்கல் என்பதால், பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். நரம்பு தூணில் மாட்டியது தெரிந்ததும் இழுக்காதீர்கள். ரீலின் கம்பியைத் திறந்து நரம்பைத் தளர விடுங்கள். விறைப்பு போனால் சிப்பி விளிம்பும் சுலபமாக அறுக்காது. இழுப்பு நின்றதும் மீன் பல நேரம் ஓட்டத்தை நிறுத்தும், சில நேரம் வந்த வழியே வெளியேயும் வரும். ஒவ்வொரு முறையும் அப்படி வந்துவிடாது. இதைவிட நல்லது, முள் குத்திய முதல் விநாடியிலிருந்தே மேடையை விட்டு விலகத் துடுப்பு போடுவது. காலால் மிதித்துப் பின்னுக்குப் போகும் கயாக் இருந்தால் கை ராடிலேயே இருக்கலாம். கயாக்கைப் பக்கவாட்டில் நிறுத்தினால் நீரின் தடை பல மடங்கு கூடி உங்களுக்குக் கொஞ்சம் தரை கிடைக்கும். ஆனால் கவிழும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். மிதவைச் சட்டை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

ஒரு வேண்டுகோள். அறுந்த நரம்பு தூணிலேயே தொங்குகிறது, பெலிகன் பறவைகள் அதில் சிக்கிச் சாகின்றன. டாம்பா விரிகுடாவின் ஸ்கைவே மீன்பிடி மேடையில் தூண்டில்களுக்கு 2023இல் கட்டுப்பாடு வந்ததற்கு நரம்பிலும் முள்ளிலும் சிக்கிய பறவைகளே காரணம். கைக்கு எட்டும் நரம்பை வெட்டி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.